ஸ்பீக்கருக்குப் பொருத்தம் பார்த்தீர்களா?

என் தங்கையின் மகளுக்கு வயது 11. அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டு ஹோலில் நடக்கும் குர்ஆன் வகுப்புக்கு அயல் வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருடன் அவளும் வருவாள். நல்ல குரல், நல்ல ஞாபகசக்தி. சோளகக் காற்று கடுமையாக வீசிக்கொண்டிருந்த ஒரு நாளில் அவள் "கவ்ஸர்" சூராவை ஓதிக்காட்டினாள். "ஸா" வரவேண்டிய இடத்தில் அச்சொட்டாக "ஸீன்" வந்தது. திருத்தினேன். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்துவிட்டது.

"மகள், நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில கொண்டு வாங்க. எத்தனை தரம் சொல்றது?"

"மாமா, அந்த ஓதல்ல அப்படித்தானே கேக்குது. நான் அதைக் கேட்டுத்தானே பாடமாக்கினேன்" என்றாள், கண் கலங்க.

அவள் சொன்னது எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் ஓதலை. முழுக் குர்ஆனும் முதன்முதலாக ஒலிப்பதிவாகி 1961இல் கிராமபோன் தட்டுகளாக வெளிவந்தது அவருடைய குரலில்தான். தஜ்வீதில் ஒரு இமியும் பிசகாதவர் என்று பெயர் பெற்றவர். அவர் "ஸா"வை "ஸீன்" ஆக்கி ஓதியிருப்பாரா? நான் அந்த ஓதலைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரின் பக்கத்தில் காதை வைத்தேன். பிள்ளை சொன்னது பொய்யல்ல. ஸாவும் ஸீனும் ஸாதும் மூன்றும் ஒரே மாதிரி, துணியால் வாயைப் பொத்திக்கொண்டு ஓதியது போலக் கேட்டன. பிறகு வயரைக் கழற்றிவிட்டு, அதே ஓதலைப் போனிலேயே ஒலிக்கவிட்டேன். மூன்றும் மூன்றாகக் கேட்டன! போனில் நகத்தளவு ஸ்பீக்கருக்குக் கேட்கிற எழுத்து, இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவைத்த பெட்டிக்குக் கேட்கவில்லை.

பெட்டியின் மேற்பகுதியில் சிறு கிண்ணம் போல இருக்கிறதே, டுவீட்டர், அது இரண்டு பெட்டியிலும் எரிந்துபோயிருந்தது. எப்போது எரிந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெரிய ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. எத்தனை மாதம் அந்தப் பிள்ளைகள் பிழையாகக் கேட்டுப் பிழையாகப் பாடமாக்கினார்களோ, அல்லாஹ்தான் அறிவான்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரை எழுதுவதற்கு அதுதான் காரணம். பாட்டுக் கேட்பது பற்றிய மஸ்அலாவை நான் இங்கே எடுக்கவில்லை. அதைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். கிராஅத், பயான், வானொலி முஸ்லிம் சேவை, பிள்ளைகளின் பாடம் என்று வீட்டில் ஏதோ ஒன்றைக் கேட்பதற்காக ஓர் அம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கப் போகிறீர்கள். சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. அதை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் பேச்சு.

முதலில் அந்த மூன்று எழுத்துக்களைப் பற்றி ஒரு வார்த்தை. கவ்ஸரில் வருவது "ஸா". நாஸில் வருவது "ஸீன்". இக்லாஸ் சூராவின் ஸமதில் வருவது "ஸாத்". அரபியில் மூன்றும் மூன்று எழுத்து. தமிழில் எழுதும்போது மூன்றையும் "ஸ" என்றே எழுதிவிடுகிறோம். ஆகவே தமிழ் எழுத்தைப் பார்த்து ஓதும் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கக் காது ஒன்றுதான் உண்டு. இந்த எழுத்துக்களின் சீறலும் ஊதலும் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கின்றன. பழைய தொலைபேசிக் கம்பி வினாடிக்கு 300 முதல் 3400 வரையான அதிர்வுகளை மட்டுமே கடத்தியது. குவைத்திலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் மாப்பிள்ளைமார் பேசிய காலத்தில் "ஸ"வா "ஃப"வா என்று விளங்காமல், ஒரு பெயரைச் சொல்ல எழுத்தெழுத்தாகக் கூவியது உங்களுக்கு நினைவிருக்கும். டுவீட்டர் எரிந்த பெட்டி அந்தத் தொலைபேசிக் கம்பியைப் போலத்தான். குரல் வரும், எழுத்து வராது.

டுவீட்டரை எரித்தவன் நான்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகிறேன்.

2000 வாட்ஸ் என்ற பொய்

எங்கள் அம்ப்ளிபயரின் முகத்தில் பொன்னிற எழுத்தில் "2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று இருந்தது. வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். கடைக்காரர் "மௌலவி, இது பள்ளிக்கே போதும்" என்றார். நானும் நம்பினேன். அரபுக் கல்லூரியில் மந்திக் படித்த எனக்கு, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்ற அளவுக்கு அறிவு ஓடவில்லை. பின்பக்கத்தில் சிறிய ஸ்டிக்கர் ஒன்று: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 35 வாட்ஸ். அதாவது சுவரிலிருந்து அது எடுக்கும் மின்சாரம் சாதாரணமாக 35 வாட்ஸ். ஒரு கணத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கலாம். ஆனால் 35 எடுக்கிற பெட்டி 2000 கொடுக்குமா? அரைக் கொத்து அரிசியில் நூறு பேருக்குச் சோறு ஆக்கியதாகச் சொல்வது போல அல்லவா இது?

பி.எம்.பி.ஓ. என்பதற்கு ஒழுங்கான அளவுமுறை எதுவும் கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணை அடித்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்கவேண்டியது "ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்ஸ், எத்தனை ஓமில்?" என்பது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய உண்மையான அளவு அதுதான். எங்கள் பெட்டியைத் திருத்துபவர் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது டி.டி.ஏ. 2030 என்ற சிறு சில்லு, பக்கத்துக்கு ஒன்று. நல்ல சில்லுதான், உலகம் முழுக்கப் பாவித்தது. ஆனால் அதன் வேலை 4 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 14 வாட்ஸ். 2000 எங்கே, 14 எங்கே!

இப்போது ஒரு விசயம் சொன்னால் வியப்பீர்கள். அந்த 14 வாட்ஸும் ஒரு வீட்டு ஹோலுக்குப் போதுமானதுதான். குற்றம் வேறு இடத்தில்.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் "87 டெசிபல்" என்றோ "90 டெசிபல்" என்றோ ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதை அது சொல்கிறது. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது ஏறக்குறைய 60 டெசிபல். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்து நீங்கள் மூன்று மீற்றர் தள்ளி உட்கார்ந்தாலும் 77க்குக் குறையாது. அது பேச்சை விட நன்றாகவே உரத்தது. ஒரு வாட்டில்! ஓதுபவர் குரலை உயர்த்தும் இடங்களுக்காகப் பத்து, இருபது மடங்கு கையிருப்பு வேண்டும். ஆகவே நேர்மையான 20 வாட்ஸ் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

ஆனால் இந்த டெசிபல் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூன்று டெசிபல் கூடவேண்டுமானால் வாட்ஸ் இரு மடங்காகவேண்டும். பத்து டெசிபல் கூடவேண்டுமானால் பத்து மடங்கு; அப்போதுதான் காதுக்கு "இரு மடங்கு உரப்பு" என்று தோன்றும். இதன் பொருள் என்ன? 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கொடுப்பதும் 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட்ஸ் கொடுப்பதும் ஒன்று. கொஞ்சம் கூர்மையான ஸ்பீக்கரை வாங்கினால் பாதி விலை அம்ப்ளிபயரே போதும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கு வாட்ஸ் விற்கவேண்டும்.

நான் வாங்கிய ஸ்பீக்கர் 84 டெசிபல். பார்க்க அழகான மரநிறப் பெட்டி. மந்தமான ஸ்பீக்கர், சிறிய அம்ப்ளிபயர். வெளியே காற்று, ஜன்னலெல்லாம் திறந்தபடி, பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை என்று குமிழைத் திருப்பினேன். கேட்கவில்லை. இன்னும் திருப்பினேன். இதற்கிடையில் வீட்டு வாலிபன் ஒருவன் "பேஸ்" குமிழையும் கடைசி வரை திருப்பி வைத்திருந்தான். பேஸை அப்படித் திருப்பினால் கீழ்ச்சுருதிகளுக்கு மட்டும் பத்து மடங்கு வரை சக்தி போகிறது. உள்ள 14 வாட்ஸையும் அதுவே விழுங்கிவிடும்.

அப்போது என்ன நடக்கிறது? உயரமான மனிதன் தாழ்ந்த கூரைக்குள் நிமிர்ந்து நடந்தால் தலை இடிக்கும். அதைப்போல ஒலி அலையின் உச்சி அம்ப்ளிபயரின் கூரையில் இடித்து, வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. சத்தம் கரகரக்கும், கிழிந்தது போலக் கேட்கும். வெட்டுப்பட்ட அலையில் மூலத்தில் இல்லாத உயர் அதிர்வுகள் பிறக்கின்றன. அத்தோடு, உச்சி வெட்டுப்பட்ட பிறகும் குமிழைத் திருப்பிக்கொண்டே போனால், மெல்லிய சத்தமெல்லாம் மேலே மேலே ஏறி டுவீட்டருக்குப் போகும் சக்தி பல மடங்காகிறது. டுவீட்டரின் கம்பிச் சுருள் தலைமயிர் போல மெல்லியது. சில வாட்ஸுக்கு மேல் தாங்காது. அது சூடாகி அறுந்துவிடுகிறது. பெரிய அம்ப்ளிபயர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சின்ன அம்ப்ளிபயரை அழவைத்தாலும் எரியும். ஸ்பீக்கர் தாங்கும் அளவை விட அம்ப்ளிபயரின் உண்மை வாட்ஸ் கொஞ்சம் கூட இருந்தாலும், அதை அடக்கமாக வைத்துக் கேட்டால் ஆபத்தில்லை. கரகரப்புக் கேட்ட அந்த நொடியே சத்தத்தைக் குறையுங்கள். குறைத்தும் போதாவிட்டால் ஸ்பீக்கரைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். தூரம் பாதியானால் சுமார் நான்கைந்து டெசிபல் சும்மா கிடைக்கிறது.

ஓம் என்றால் என்ன?

ஸ்பீக்கரின் பின்னால் 4, 6, 8 என்று ஏதோ ஓர் எண்ணும் பக்கத்தில் குதிரை லாடம் போல ஒரு குறியும் இருக்கும். அது ஓம். ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பித்த ஜோர்ஜ் ஓம் என்ற ஆசிரியரின் பெயர் அது. 1827இல் அவர் புத்தகம் வெளிவந்தது. அவரும் நம்மைப் போல ஒரு வாத்தியார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நுரைச்சோலை, ஏத்தாளைப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஓமை விளக்குவது இலகு. ஒரு வாட்டர் மோட்டாருக்கு ஒரு குழாய் போட்டால் அளவாகத் தண்ணீர் போகும். அதே மோட்டாருக்கு இன்னொரு குழாயையும் திறந்துவிட்டால் தண்ணீர் கூடப் போகும். மோட்டார் கூட உழைக்கும், கூடச் சூடாகும். நாலு குழாயைத் திறந்துவிட்டால் மோட்டார் எரியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கலாம். குழாய் எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் ஓம். எண் குறையக் குறைய வழி அகலம், மின்சாரம் கூட, அம்ப்ளிபயருக்குப் பாரம் கூட.

அம்ப்ளிபயரின் பின்னால், வயர் பூட்டும் இடத்தில், "6 முதல் 16 ஓம் வரை" என்பது போல எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள். 8 ஓம் அம்ப்ளிபயருக்கு 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் ஆரம்பத்தில் "ஆஹா, சத்தம் கூடிவிட்டதே" என்று தோன்றும். சந்தோசம் கொஞ்ச நாளைக்குத்தான். மறுபுறம் 4 ஓம் அம்ப்ளிபயருக்கு 8 ஓம் ஸ்பீக்கர் பூட்டலாம். சத்தம் கொஞ்சம் குறையும், கெடுதி இல்லை.

நம் பெண்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இனிமேல்தான். ஹோலில் இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது. குசினியில் வேலை செய்துகொண்டே பயான் கேட்க ஆசை. பழைய செட்டின் ஸ்பீக்கர் இரண்டு மூலையில் கிடக்கிறது. மகனைப் பிடித்து, ஹோல் ஸ்பீக்கரின் வயரிலேயே இன்னொரு வயரை முறுக்கிக் குசினிக்கு இழுத்துவிடுகிறார்கள். 8 ஓமும் 8 ஓமும் இப்படிப் பக்கம்பக்கமாகச் சேர்ந்தால் 16 ஆகாது, 4 ஆகும்! 4உம் 4உம் சேர்ந்தால் 2. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படிச் சேர்த்து, ரமழான் முதல் கிழமையிலேயே அம்ப்ளிபயரிலிருந்து புகை வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் இருந்து அனுப்பிய செட். அந்தச் சகோதரி அதை அவரிடம் சொல்லவே இல்லை. விடுமுறையில் அவர் வருமுன் திருத்திவிட ஒரு வருடம் காசு சேர்த்தார்.

குசினிக்கு வேண்டுமானால், ஒரு ஸ்பீக்கரிலிருந்து வெளியேறும் வயர் அடுத்த ஸ்பீக்கருக்குள் நுழைவது போல ஒரே வரிசையில் பூட்டச் சொல்லுங்கள். அப்போது 8உம் 8உம் 16 ஆகும். சத்தம் குறையும், அம்ப்ளிபயர் தப்பும். "ஏ", "பி" என்று இரண்டு ஜோடிக்கு இடம் உள்ள அம்ப்ளிபயர்களிலும் இரண்டையும் ஒன்றாகப் போடும்போது எத்தனை ஓம் என்று பின்பக்கத்தில் தனியாக எழுதியிருக்கும். வாசியுங்கள்.

பழைய சாமான் வாங்கும்போது

2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பின் புதுச் செட் வாங்குவது பலருக்குக் கனவாகிவிட்டது. விலைகளை நான் இங்கே எழுதவில்லை. எழுதிய மை காயுமுன் மாறிவிடுகிறது. கொழும்புக்குப் போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நாலு கடை ஏறி விசாரிக்கட்டும். பழைய சாமான் தவறில்லை. நல்ல பழைய அம்ப்ளிபயர், மோசமான புதியதை விட எவ்வளவோ மேல். ஆனால் சில சோதனைகள் இருக்கின்றன.

யப்பானில் பாவித்த செட்டுகள் நம் நாட்டில் நிறைய விற்பனைக்கு வருகின்றன. தரமானவை. ஆனால் யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230. பின்பக்கத்தில் "100 வோல்ட்" என்று இருந்தால், வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்போமர் ஒன்றும் சேர்த்து வாங்கவேண்டும். அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். சவூதியிலிருந்து 80களிலும் 90களிலும் வாப்பாமார் கொண்டுவந்த செட்டுகளுக்கு வேறொரு விதி. அங்கே வீடுகளில் 127 வோல்ட் இருந்தது. அந்தச் செட்டுகளில் பெரும்பாலும் பின்னால் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும்; அதை 230 அல்லது 240 பக்கம் தள்ளாமல் பிளக்கைச் செருகி, விமான நிலையத்திலிருந்து வந்த அன்றிரவே செட்டைச் சாகடித்த வீடுகள் பல. பரணில் இருந்து அப்படி ஒன்றை இறக்கினால் முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள்.

ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றி வளையமாக ஒரு விளிம்பு இருக்கிறது. அது ரப்பராக இருந்தால் நீண்டகாலம் நிற்கும். ஸ்பொஞ்சாக இருந்தால் வருடங்கள் செல்லச் செல்ல உளுத்து, விரலால் தொட்டால் மாவாக உதிரும். நம் கடற்கரை ஈரத்தில் இன்னும் சீக்கிரம். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை கரையோர வீடுகளுக்கு உப்புக் காற்று இன்னொரு சோதனை: வயர் பூட்டும் செம்பில் பச்சைக் களிம்பு பிடித்து, சத்தம் விட்டு விட்டு வரும். ஸ்பீக்கர் எரிந்துவிட்டது என்று எண்ணிப் புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, வயர் நுனியை வெட்டிச் சீவிப் புதிதாகப் பூட்டினால் சரி. வருடத்துக்கு ஒரு தரம், சோளகம் முடிந்ததும், இதைச் செய்யுங்கள்.

கடையில் நிற்கும்போது ஒரு சின்ன டோர்ச் பற்றரி, ஒன்றரை வோல்ட், கைப்பையில் இருக்கட்டும். ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் பற்றரியின் கூட்டல் பக்கத்தையும் கறுப்பில் மற்றதையும் ஒரு கணம் தொட்டால் "டொக்" என்று கூம்பு வெளிப்பக்கம் அசையும். அசையாவிட்டால் அது செத்தது. இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் அசையவேண்டும். வீட்டில் ஒரு பெட்டிக்குச் சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டினால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து, குரல் நடுவில் நிற்காமல் கலைந்து போகும். திருத்துபவரிடம் மீற்றர் இருந்தால் அளக்கச் சொல்லுங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் 6 போலக் காட்டும், 4 ஓம் என்பது மூன்று சொச்சம். அது வழமை, ஏமாற்று அல்ல. ஆனால் பற்றரியும் மீற்றரும் டுவீட்டரைக் காட்டிக்கொடுக்காது. அதற்கு ஒரு வழிதான்: எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, போனில் ஓர் ஓதலைப் போட்டு, டுவீட்டரின் பக்கத்தில் காதை வைத்து "ஸ்ஸ்" வருகிறதா என்று கேட்பது. இதை நான் வாங்கிய அன்று செய்திருக்கவேண்டும். அதன்பின் மாதம் ஒரு தரமும் செய்திருக்கவேண்டும்.

பெண்கள் கடையில் இப்படிக் காதை வைத்தால் கடைக்காரர் சிரிப்பார் என்று என் மனைவி சொன்னார். சிரிக்கட்டும். காசு உங்களுடையது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ், ஓம், டெசிபல், வோல்ட் என்று நாலு சொல்லை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றுக்கும் பதிலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட வரும் ஆண்கள் பெரும்பாலும் பெட்டியின் உயரத்தையும் மினுங்கும் விளக்கையும் பார்த்து மயங்குவார்கள். (என்னையும் சேர்த்துத்தான்.)

பங்கு பிரிப்பது எப்படி? பத்துப் பங்கு காசு இருந்தால் ஆறு பங்கை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். மூன்று அம்ப்ளிபயருக்கு. மீதி வயருக்கும் பூட்டுக்கும். ஸ்பீக்கர்தான் இறுதியில் காதோடு பேசுவது. அம்ப்ளிபயர்கள் தமக்குள் அவ்வளவு வித்தியாசம் இல்லை. கேட்பது பேச்சும் ஓதலும்தான் என்றால் பெரிய வூபர் தேவையே இல்லை. ஐந்து அல்லது ஆறரை அங்குலக் கூம்பும் ஒரு நல்ல டுவீட்டரும் உள்ள சிறிய பெட்டி போதும். வயருக்கு அதிகம் செலவழிக்கச் சொல்லி யாராவது வந்தால் எழுந்து போய்விடுங்கள். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், பத்து மீற்றர் வரை, 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தாராளம்.

இப்போது உள்ளங்கையளவில் சிறிய அம்ப்ளிபயர்கள் வருகின்றன, புளூடூத்தும் சேர்த்து. அவற்றை நான் இகழமாட்டேன். சூடாகாது, மின்சாரமும் குறைவு. ஆனால் அங்கேயும் "50 + 50 வாட்ஸ்" என்று அடித்திருப்பார்கள். கூடவரும் அடப்டரைப் பாருங்கள். 12 வோல்ட் அடப்டர் என்றால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்ஸுக்கு மேல் அதனால் கொடுக்கவே முடியாது. 24 வோல்ட் என்றால் 36 வரை போகலாம். கணக்கு இலகு: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் பிரியுங்கள். 12 வோல்ட்டில் ஒரு நன்மையும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது முச்சக்கர வண்டிப் பற்றரியில் இந்தப் பெட்டிகள் ஓடின. 900 மெகாவாட்ஸ் அனல்மின் நிலையத்தை நுரைச்சோலையில் வைத்துக்கொண்டு நாம் பற்றரி தேடியது வேறு கதை.

கடைசியாக அறை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்கள் ஆரம்பத்தில் கிடுகுக் கொட்டில்களில்தான் இருந்தன. கிடுகுக்கும் மணல் தரைக்கும் வேறு எந்தச் சுகமும் இல்லாவிட்டாலும் ஒன்று உண்டு: எதிரொலி கிடையாது. சின்ன ரேடியோவிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். இன்று அல்லாஹ்வின் அருளால் கல்வீடு, டைல்ஸ் தரை, வெறும் சுவர். சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறுகிறது. விளங்கவில்லை என்று இன்னும் சத்தத்தைக் கூட்டுகிறோம். ஒரு பாயோ காபட்டோ விரித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, ஸ்பீக்கரை அலுமாரியின் மேல் ஏற்றாமல் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில் வைத்தால், பாதிச் சத்தமே போதும். பக்கத்து வீட்டில் நோயாளியோ பச்சைக் குழந்தையோ இருக்கலாம். அவர்களுக்கும் அது நிம்மதி.

எங்கள் வீட்டுக்கு வருவோம். முழுச் செட்டையும் மாற்ற என்னிடம் காசு இருக்கவில்லை. திருத்துபவர், பெட்டியில் இருந்ததைப் போலவே 8 ஓமும் அதே டெசிபலும் உள்ள இரண்டு டுவீட்டரைத் தேடிப் பிடித்துப் போட்டார். டெசிபல் கூடியதைப் போட்டால் சீறல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்குமாம். பேஸ் குமிழை நடுவில் வைத்து, மேலே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். பெட்டிகளைச் சுவர் மூலையிலிருந்து எடுத்து, பிள்ளைகள் உட்காரும் பாயிலிருந்து இரண்டு மீற்றரில் வைத்தோம். ஜன்னல் இரண்டில் காற்றுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினோம். குமிழ் முன்பு நின்ற இடத்தில் பாதிக்குக் கூடப் போகவில்லை.

அன்று அஸருக்குப் பின் அதே சூராவைப் போட்டேன். தங்கையின் மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உம்மாவும் உள்ளறையிலிருந்து கதவோரம் வந்து நின்றார். சூரா முடிந்ததும் பிள்ளை என்னைப் பார்த்து, "மாமா, இப்ப பல்லுக்கு இடையில கேக்குது" என்றாள்.

"அப்ப ஓதுங்க" என்றேன்.

ஓதினாள். முதல் தரம் பழைய பழக்கம் வந்தது. இரண்டாம் தரமும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே நிறுத்தி, "இல்ல" என்று தலையை ஆட்டிவிட்டு, மூன்றாம் தரம் முதலிலிருந்து தொடங்கினாள்.